பொழிச்சலூருக்குப் போவோமா?

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் வீட்டில் ஒரு கேள்வி எழும்: "எங்கேயாவது போகலாமே!" அந்த 'எங்கேயாவது' என்பது எங்கே என்பதில்தான் சண்டை. குழந்தைகள் மாமல்லபுரம் என்பார்கள். மாமியார் திருப்பதி என்பார். வீட்டுக்காரர் பர்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெரினா கடற்கரை என்பார். நான் ஒரு ஊர் சொல்கிறேன். தயவு செய்து சிரிக்காதீர்கள். பொழிச்சலூர்.

"பொழிச்சலூரா? பல்லாவரத்துக்கு அந்தண்டை, விமானம் இறங்குகிற சத்தத்தில் காது செவிடாகுமே, அந்த ஊரா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, வருஷக்கணக்காகக் குடியிருப்பவர்களே இப்படித்தான் கேட்கிறார்கள். நேற்று வரை வயலாக இருந்த இடத்தில் இன்று தெருக்களும் தண்ணீர் லாரியும் என்றுதான் சென்னையின் தெற்குப் புறநகர்களைப் பற்றி நாம் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தமிழ் ஆராய்ச்சியில் பெயர் பெற்ற கமில் ஸ்வெலபில் பிறந்த செக் நாட்டில் தெல்ச் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. ஜனத்தொகை ஐயாயிரத்தைச் சுற்றித்தான் இருக்கும். நடுவிலே ஒரு சதுக்கம், அதைச் சுற்றி வரிசையாகப் பழைய வீடுகள். அவ்வளவுதான். அந்த ஒரு சதுக்கத்துக்காக 1992-ல் யுனெஸ்கோ அந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே உள்ள பழமை சில நூறு வருஷங்களுக்கு உட்பட்டது. பொழிச்சலூரைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் கிடக்கும் பழமைக்கு நூறு, ஆயிரம் என்ற கணக்கெல்லாம் போதாது. நம்பிக்கை வரவில்லையா? ஒரு சனிக்கிழமை என்னோடு புறப்படுங்கள். சனிக்கிழமை ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கூழாங்கல்லில் கிடைத்த பெருமை

தாம்பரம் போகும் மின்சார ரெயிலில் ஏறிப் பல்லாவரத்தில் இறங்குவோம். பொழிச்சலூருக்கு இங்கிருந்து மேற்கே மூன்று நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் பல்லாவரத்தைப் பார்க்காமல் பொழிச்சலூருக்குப் போவது, வாசல் கோலத்தைப் பார்க்காமல் கல்யாண வீட்டுக்குள் நுழைவதைப் போல.

கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலிருந்தே பல்லாவரமும் பரங்கிமலையும் பட்டாளம் தங்கிய இடங்கள். கண்டோன்மெண்டு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. பட்டாளம் இருந்தால் கவாத்து மைதானம் இருக்கும் அல்லவா? அந்தக் கவாத்து மைதானத்தின் ஓரத்தில் செம்பூரான் கற்கள் கலந்த சரளை மண்ணைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். 1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி, அக்கினி நட்சத்திரத்தின் வெயில் அடங்காத நாளில், ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற இருபத்தெட்டு வயது ஆங்கிலேயர் அந்தப் பக்கம் வந்தார். இந்திய நிலவியல் இலாகாவில் அவருக்கு உத்தியோகம். மண்ணையும் கல்லையும் பார்ப்பதற்குத்தான் சம்பளம்.

தோண்டிப் போட்ட சரளைக் குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. உங்களுக்கும் எனக்கும் அது வெறும் கல். அம்மியில் மசால் அரைக்கக்கூட உதவாது. ஆனால் அவர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது, அதன் இரண்டு பக்கங்களிலும் யாரோ வேண்டுமென்றே சில்லுச் சில்லாகத் தட்டி முனை வைத்திருப்பது தெரிந்தது. மனிதன் செய்த கைக்கோடரி!

இதில் என்ன அதிசயம் என்று கேட்கலாம். பிரான்சு தேசத்தில் ஆற்றுச் சரளையில் கிடைத்த இதே மாதிரிக் கற்களை மிகப் பழங்கால மனிதன் செய்த ஆயுதங்கள் என்று இங்கிலாந்து அறிஞர்கள் ஒப்புக்கொண்டதே 1859-ல்தான். நாலே வருஷம்! அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, "அப்படியானால் இந்தியாவிலும் இருக்க வேண்டுமே" என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தவருக்குப் பல்லாவரத்தில் விடை கிடைத்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகத்துக்குச் சொன்ன முதல் கல் இதுதான். இந்தியாவின் கற்காலச் சரித்திரத்தை எழுதுகிற எவரும் முதல் பக்கத்தில் பல்லாவரம் என்ற பெயரை எழுதாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போக முடியாது.

அதே வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஃபுட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகளைக் கண்டார்கள். அந்த அத்திரம்பாக்கத்தில் நம் காலத்தில் சாந்தி பப்பு என்ற பெண் ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் வருஷக்கணக்காக அகழ்ந்து பார்த்து, அங்குள்ள பழமையான கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வருஷ வயது என்று 2011-ல் அறிவித்தார்கள். உலகத்து விஞ்ஞானிகளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கதையின் முதல் வரி பல்லாவரத்துச் சரளைக் குவியலில் எழுதப்பட்டது.

ஃபுட் சேகரித்த பொருள்களைச் சென்னை சர்க்கார் 1904-ல் மியூசியத்துக்காக வாங்கியது. எழும்பூர் மியூசியத்துக்குப் போகும்போது ஐம்பொன் நடராஜரை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கற்காலப் பகுதிக்கும் ஒரு நடை போய்வாருங்கள். அங்கேயே சுட்ட மண்ணால் செய்த, குட்டையான கால்கள் வைத்த, தொட்டி போன்ற ஈமப் பேழையையும் பார்க்கலாம். இறந்தவர்களின் எலும்புகளை இட்டுப் புதைப்பதற்காகச் செய்தது. பல்லாவரத்துக் குன்றுப் பக்கம் அலெக்ஸாண்டர் ரீ என்ற தொல்பொருள் அதிகாரி 1880-களில் இப்படிப்பட்ட பேழைகளைக் கண்டெடுத்தார். கோடரி செய்தவன் காலத்துக்கு வெகு வெகு பின்னால் வந்தவர்கள் செய்த பேழை அது. அவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

கல்கத்தாவுக்குப் போன கல்

ஸ்டேஷனிலிருந்து பார்த்தாலே சுற்றிலும் குன்றுகள் தெரியும். கருநீலம் பாய்ந்த அந்தக் கல்லுக்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு.

கல்கத்தாவை ஸ்தாபித்தவர் என்று வெகு காலம் சரித்திரப் புத்தகங்கள் எழுதிவந்த ஜாப் சார்னாக் 1693-ல் காலமானார். கல்கத்தாவில் செயிண்ட் ஜான்ஸ் மாதாகோயில் வளாகத்தில் அவருக்குக் கல்லறை. வண்டல் மண் பூமியான வங்காளத்தில் நல்ல கல்லுக்கு எங்கே போவது? கல்லறையில் பதிக்கப் பலகைக் கல்லை நம் பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டு போனார்கள். இருநூறு வருஷம் கழித்து, 1893-ல், தாமஸ் ஹாலந்து என்ற நிலவியல் அறிஞர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். இது தனி ரகம், இதற்குத் தனிப் பெயர் வேண்டும் என்று முடிவு செய்து, கல்லறைக்குள் தூங்குகிறவர் பெயரையே வைத்துவிட்டார்: சார்னகைட்!

இன்றைக்கு அண்டார்க்டிகாவிலே அந்த ரகக் கல் கிடைத்தாலும் அதற்குப் பெயர் சார்னகைட்தான். கல்லைக் கொடுத்தது நம் ஊர், பெயரைத் தட்டிக்கொண்டு போனது கல்கத்தாவில் இறந்த ஒருவர். பெண் வீட்டார் சீர் செய்ய, பிள்ளை வீட்டார் பெயர் வாங்குகிற கதைதான், போங்கள்! ஏறக்குறைய 250 கோடி வருஷத்துக் கல் இது. பரங்கிமலையில் உள்ள இந்தக் கல்லை நிலவியல் இலாகா தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

ஒரு பக்கம் சின்னம். இன்னொரு பக்கம் ஜல்லி. சென்னைப் பட்டணத்து வீடுகளுக்கும் ரஸ்தாக்களுக்கும் வேண்டிய ஜல்லியெல்லாம் பல தலைமுறைகளாக இந்தக் குன்றுகளை வெடி வைத்துத்தான் வந்தது. திரிசூலம், பல்லாவரம், பம்மல் பக்கங்களில் குன்று இருந்த இடத்தில் இன்று கிணறு மாதிரிப் பள்ளம் இருக்கிறது. அதிலும் ஒரு விசித்திரம் பாருங்கள்: 2017-ல் சென்னைக்குத் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது, மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரத்தில் இதே போன்ற பழைய கல் குவாரிகளில் தேங்கிய மழைத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் பட்டணத்து மக்களுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மலையைத் தின்றோம், பிறகு அது இருந்த பள்ளத்தில் தண்ணீர் குடித்தோம்.

ராஜாவின் கையெழுத்து

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' தொடரைத் தாயும் மகளும் பங்கு போட்டுக்கொண்டு படித்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தக் கதையில் வரும் மகேந்திர பல்லவரை மறக்க முடியுமா? சித்திரம், சங்கீதம், சிற்பம் எல்லாவற்றிலும் மனத்தைப் பறிகொடுத்தவர். கதைக்காகச் சொன்னதல்ல. நிஜமாகவே 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதிய ராஜா அவர். செங்கல், மரம், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், மலையையே குடைந்து கோயில் செய்வோம் என்று தமிழ்நாட்டில் ஆரம்பித்து வைத்தவர்களில் முக்கியமானவர்.

அப்படி அவர் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைந்த குகைக் கோயில்களில் ஒன்று பல்லாவரத்துக் குன்றில் இருக்கிறது. முன்னால் கனத்த சதுரத் தூண்கள், பின்சுவரில் வரிசையாக ஐந்து சிறு அறைகள். தூண்களுக்கு மேலே உத்தரத்தில் மகேந்திரவர்மரின் விருதுப் பெயர்களைப் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். பல்லவபுரம் என்பதுதானே பல்லாவரம் ஆயிற்று? ஊர்ப் பெயருக்கு ராஜா போட்ட கையெழுத்து இது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தக் குகை இன்று முஸ்லிம் அன்பர்களின் வழிபாட்டு இடமாக இருக்கிறது. ஆகவே பார்க்கப் போகிறவர்கள் வேடிக்கை பார்க்கும் தோரணையில் போகாமல், செருப்பைக் கழற்றி, அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போக வேண்டும். ஏழாம் நூற்றாண்டுக் குகை ஒன்று தீபமும் ஊதுவத்தியும் மனித நடமாட்டமுமாக இன்றும் இருப்பதற்கு, அங்கே தினம் வந்து தொழுகிறவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியதுதான். யாரும் போகாத குகைகளில் என்ன நடக்கிறது என்பதைச் சுவரில் கரியால் எழுதியிருக்கும் காதல் ஜோடிகளின் பெயர்கள் சொல்லும்.

வெள்ளிக்கிழமை வந்திருந்தால் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை பார்த்திருக்கலாம். பட்டாளக் காலத்திலிருந்து வருகிற சந்தை. முன்னாளில் மாடு விற்றார்கள். இப்போது பூச்செடி, பழைய நாற்காலி, கண்ணாடித் தொட்டி மீன், உடைந்த ரேடியோ எதுவும் கிடைக்கும். நாம் சனிக்கிழமை வந்ததால் உங்கள் வீட்டுக்காரரின் பர்ஸ் பிழைத்தது.

பம்மல் வழியே

இனி மேற்கே திரும்புவோம். பொழிச்சலூர் பஸ் பம்மல் வழியாகத்தான் போகும். பம்மல் என்றதும் உங்களுக்கு யார் நினைவு வருகிறது? 'மனோகரா' படத்தில் கண்ணாம்பாளின் ஆவேசத்தைப் பார்த்து அழாத பெண்கள் அந்த நாளில் இருந்திருக்க முடியாது. அந்த 'மனோகரா'வை முதலில் நாடகமாக எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் 1873-ல் பிறந்தது பட்டணத்தில். ஆனாலும் பூர்விகமான ஊரின் பெயரைக் கடைசி வரை பெயருக்கு முன்னால் சுமந்தார். 1891-ல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, கௌரவமான குடும்பத்தார் மேடை ஏறலாமா என்றிருந்த காலத்தில் வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் வேஷம் கட்ட வைத்தவர். ஊர்ப் பெயருக்கு அவர் செய்த விளம்பரத்தை எந்தப் பஞ்சாயத்தும் செய்யவில்லை.

பம்மலுக்கும் நாகல்கேணிக்கும் இன்னொரு அடையாளமும் உண்டு. தோல் பதனிடும் தொழில். பக்கத்துக் குரோம்பேட்டைக்கே குரோம் தோல் கம்பெனியால்தான் அந்தப் பெயர் வந்தது. இந்தத் தொழில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அந்நிய நாட்டுப் பணத்தைக் கொண்டுவந்தது. கூடவே கிணற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. பிறகு பல்லாவரத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் நிலத்துக்குள் இறங்கிய குரோமியம் சொன்னவுடன் வெளியே வந்துவிடுமா? இந்தப் பக்கத்துத் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாகப் பார்த்தால் அதற்குக் காரணம் மழை பொய்த்தது மட்டும் அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். குடத்தைத் தூக்குகிறவர்கள் யார் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சனி பகவானே வந்து கும்பிட்ட ஊர்

இதோ, பொழிச்சலூர் வந்துவிட்டது.

புகழ்ச்சோழநல்லூர் என்பதுதான் பொழிச்சலூர் என்று மருவியது என்பார்கள் ஊரார். வாய்விட்டு நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நீங்களும் மருவ வைத்துவிடுவீர்கள். அறுபத்துமூவரில் ஒருவரான புகழ்ச்சோழ நாயனார் ஞாபகத்துக்கு வருகிறார் அல்லவா? அந்த அறுபத்துமூவர் கதையைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர் இதே ரோட்டில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் வந்துவிடும். ஆனால் இங்கே கூட்டம் கூடுவது நாயனாருக்காக அல்ல. சனி பகவானுக்காக.

அகஸ்தீசுவரர் ஆலயம் என்பது கோயிலின் பெயர். அகத்திய முனிவர் பூஜித்த லிங்கம் என்பது ஐதீகம். அம்பாள் ஆனந்தவல்லி. சனி பகவானுக்குத் தனிச் சந்நிதி. எல்லாருக்கும் ஏழரை வருஷம் கஷ்டம் கொடுத்துக் கொடுத்து, அந்தப் பாவம் தன் தலையிலேயே ஏறிவிட்டதாம் அவருக்கு. அதைத் தீர்த்துக்கொள்ள இங்கே வந்து ஈசுவரனைக் கும்பிட்டார் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கடன் வசூலிக்க வருகிறவருக்கே கடன் இருக்கிறது என்று தெரிந்தால் நமக்கு ஒரு நிம்மதி பிறக்கிறது அல்லவா? ஆகையால் இங்குள்ள சனி பகவானைக் கண்டு பயப்பட வேண்டாம், அவரும் நம்மைப் போல் வேண்டிக்கொள்ள வந்தவர்தான் என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்த ஊருக்கு 'வட திருநள்ளாறு' என்ற பெயர் வந்ததும் இதனால்தான். சனிக்கிழமை புறப்படச் சொன்ன காரணம் இப்போது விளங்கியிருக்கும். எள் விளக்குகளின் வாசனை தெருவிலேயே நம்மை வரவேற்கும்.

தஞ்சாவூர்ச் சீமைக்கு நவக்கிரக யாத்திரை போக முடியாதவர்களுக்காகவே சென்னைக்குப் பக்கத்தில் ஒன்பது ஸ்தலங்கள் அமைந்திருக்கின்றன. பொழிச்சலூருக்கு எதிரே, அடையாற்றுக்கு அக்கரையில், கொளப்பாக்கம் சூரியனுக்கு, சந்திரனுக்குச் சோமங்கலம், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, புதனுக்குக் கோவூர், குருவுக்குப் போரூர், சுக்கிரனுக்கு மாங்காடு, ராகுவுக்குக் குன்றத்தூர், கேதுவுக்குக் கெருகம்பாக்கம். கோவூர் என்றால் சங்கீதம் தெரிந்த சகோதரிகள் நிமிர்ந்து உட்காருவார்கள். தியாகராஜ சுவாமிகள் வந்து தரிசித்துக் கோவூர்ப் பஞ்சரத்தினம் பாடிய ஸ்தலம் அது.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்தால் தலைக்கு மேலே ஒரு பெரும் ஓசை. குழந்தைகள் எழுந்து நின்று கையாட்டுவார்கள். ஆகாய விமானம்! மீனம்பாக்கம் விமான நிலையம் பக்கத்து வீடு மாதிரி. இந்தப் பிரதேசத்துக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு மீனம்பாக்கம் நிலையத்தைவிடப் பழையது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய தாஞ்சலிஸ் என்ற ஐரோப்பியர், சிம்ப்ஸன் கம்பெனியின் உதவியோடு சென்னையிலேயே ஒரு விமானத்தைச் செய்து, 1910-ஆம் வருஷம் மார்ச் மாதம் பல்லாவரத்தில்தான் பறக்கவிட்டுப் பார்த்தார். அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. பலகாரமும் காபியும் விற்கிற ஓட்டல்காரர் ஆகாயத்தில் பறந்தால் பட்டணத்து ஜனங்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆறு வந்த ராத்திரி

பொழிச்சலூரின் வடக்கே அடையாறு ஓடுகிறது. ஓடுகிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. கோடையில் போனால் ஆகாயத்தாமரையும் கறுப்புத் தண்ணீரும்தான். இந்தக் கால்வாயா ஆறு என்று கேட்கத் தோன்றும். பக்கத்தில் இருக்கும் விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டுவதற்கு இடம் போதாமல், இந்த ஆற்றின் மேலேயே பாலம் கட்டி ஓடுபாதையைக் கொண்டு போயிருக்கிறார்கள். ஆறு கீழே, விமானம் மேலே.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆதனூர், மணிமங்கலம், முடிச்சூர் ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துகொண்டது. ராத்திரியோடு ராத்திரியாக ஆறு தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. அங்கே தெருக்கள் இருந்தன. பொழிச்சலூர், கவுல் பஜார், அனகாபுத்தூரின் தாழ்ந்த பகுதிகளில் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு ஸ்டவ்வும் மெத்தையும் பள்ளிப் புத்தகமும் ரேஷன் கார்டும் ஒன்றுதான். விமான நிலையத்தில் விமானங்கள் தண்ணீரில் நின்றன. ஐந்து நாள் போக்குவரத்து நின்றது.

ஊர் பழையது என்பது பெருமைக்கு மட்டும் உதவுகிற செய்தி அல்ல. பழைய ஊர்களில் மேட்டில் கோயிலும் குடியிருப்பும் இருந்தன. பள்ளத்தில் ஏரியும் வயலும் இருந்தன. எந்த இடம் தண்ணீருக்கு உரியது என்பது அந்த அமைப்பிலேயே எழுதியிருந்தது. நாம்தான் அதைப் படிக்காமல் மனைப் படம் போட்டோம். பல்லாவரத்தில் பெரிய ஏரி என்று ஒன்று உண்டு. அதன் நடுவே அகன்ற ரோடு போயிற்று. ஒரு பக்கம் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டினார்கள். ஏரி எங்கே என்று குழந்தை கேட்டால் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. வீடு வாங்கப் போகிற சகோதரிகளுக்கு ஒரு யோசனை: சமையலறை எந்தத் திசையில் என்று வாஸ்து பார்ப்பதற்கு முன்னால், அந்தத் தெருவில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பாட்டியிடம், "முன்னே இங்கே என்ன இருந்தது, பாட்டி?" என்று கேளுங்கள்.

கைக்குட்டை கட்டிய கடல் கடந்த ராணிகள்

பொழிச்சலூரிலிருந்து திரும்பிப் பம்மல் ரோட்டைப் பிடித்து மேற்கே போனால் அனகாபுத்தூர். நெசவாளர் ஊர். புடவை என்றால் காஞ்சிபுரம், ஆரணி என்று அடுக்கும் நமக்கு இந்தப் பெயர் தெரியாமல் போனது ஆச்சரியம்.

ஒரு காலத்தில் இங்கே தறிதோறும் நெய்தது 'ரியல் மெட்ராஸ் ஹாங்கர்ச்சீஃப்'. பெயர்தான் கைக்குட்டை. கட்டம் போட்ட பெரிய சதுரத் துணி அது. ஒவ்வொரு பக்கமும் ஒரு கஜம். மூக்குத் துடைக்க அல்ல, இடுப்பில் கட்ட. கட்டியவர்கள் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவில் நைஜீரியாப் பெண்கள்! அங்கே கலபாரி என்ற மக்கள் இந்தத் துணியை 'இஞ்சிரி' என்கிறார்கள். பிறந்த குழந்தைக்கும் இதுதான் வேண்டும்; இறந்தவரின் படுக்கையை அலங்கரிக்கவும் இதுதான் வேண்டும். நம் கட்டங்கள் அப்படியே போதாதென்று, ஊசியாலும் கத்தியாலும் சில நூல்களை மட்டும் அறுத்து எடுத்துப் புதுக் கோலம் செய்கிறார்கள். அவர்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாக மடித்து வைத்திருக்கும் துணி, நம் பக்கத்துத் தறியில் பிறந்தது.

பிறகு நைஜீரியா வெளிநாட்டுத் துணி இறக்குமதிக்குத் தடை போட்டது. இங்கே தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. விசைத்தறியும் சேர்ந்து அடித்தது. பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள். தறிக் குழி இருந்த கூடத்தில் வாடகைக்குக் குடித்தனம் வந்தது. முழுவதும் ஓய்ந்துவிடவில்லை. மிஞ்சிய நெசவாளர்களில் சிலர் வாழை நாரிலிருந்து நூல் எடுத்துப் புடவை நெய்ய ஆரம்பித்தார்கள். வாழைத் தண்டைக் கூட்டும் பொரியலுமாக அறிந்த நாம், அதன் மட்டை புடவையாவதைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவோம். மட்டையைக் கீறி, நாரைப் பிரித்து, மயிரிழை போல் மெல்லியதாக்கி, ஒன்றோடொன்று முடிந்து நீளமாக்குவது பெரும்பாலும் பெண்களின் கைவேலை. முடிச்சுத் தெரியக் கூடாது. அறுந்தும் போகக் கூடாது. சணல், அன்னாசி, மூங்கில் நார்களையும் கலந்து நெய்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். பல்லாவரத்து ரெயிலில் தினம் போகிற நாமோ, ஜவுளிக் கடையில் ஆடித் தள்ளுபடிக்காக நெரிசலில் நிற்கிறோம். விலை அதிகம் என்பீர்கள். ஒரு தரம் அந்த முடிச்சுப் போடும் விரல்களைப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். அதற்கு மேல் உங்கள் இஷ்டம்.

இன்னும் வெயில் இருந்தால் குன்றத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். சேக்கிழார் பெருமான் சோழ ராஜாவிடம் மந்திரியாக இருந்தபோது, கும்பகோணத்துப் பக்கத்துத் திருநாகேசுவரத்தில் மனத்தைப் பறிகொடுத்து, தம் சொந்த ஊரிலும் நாகேசுவரருக்குக் கோயில் கட்டினார். ராகு ஸ்தலம் என்று சற்று முன் சொன்னேனே, அது இதுதான். குன்றின் மேல் முருகன் கோயில். சந்நிதிக்கு ஒரு பக்கமாக நின்று பார்த்தால் முருகனோடு வள்ளி மட்டும் தெரிவாள்; மறுபக்கம் போய் நின்றால் தெய்வானை மட்டும் தெரிவாள். இரண்டு பேரையும் சண்டை வராமல் சமாளிக்கச் சிற்பி செய்த உபாயமோ என்னவோ! படிகள் 84. மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் பாதியில் உட்கார்ந்து ஏறலாம், அவசரமில்லை.

மேலே நின்று கிழக்கே பாருங்கள். ஏரி, வீடுகள், தூரத்தில் பல்லாவரத்துக் குன்றுகள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு விமானம் இறங்கும். அது இறங்குகிற இடத்துக்கு இந்தண்டைப் பக்கம்தான் காலையில் நீங்கள் எள் விளக்கு ஏற்றிய ஊர்.

கடைசியாகச் சில சில்லறை விஷயங்கள். பல்லாவரத்துக்கு விடியற்காலை ரெயிலே நல்லது. ஒன்பது மணிக்கு மேல் பம்மல் ரோட்டில் வாகன நெரிசல் சொல்லி மாளாது. சனிக்கிழமையானாலும் சனிப்பெயர்ச்சி நாளில் மட்டும் போகாதீர்கள். கோயிலையல்ல, மனிதர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். மத்தியானம் கோயில்கள் நடை சாத்திவிடும், அந்த நேரத்தை அனகாபுத்தூருக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளியோதரையும் குடிக்கத் தண்ணீரும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். வழியில் வித்தியாசமான கல் ஏதாவது கண்ணில் பட்டால் குழந்தைகள் எடுத்துப் பார்க்கட்டும், அதட்டாதீர்கள்.